ஹபீபாவுக்கு மாதம் தள்ளிப்போனது பற்றி என் மகனுக்கு

மகனே, ஸலாம். நான் சுகம், உன் சுகத்தையும் அல்லாஹ்விடம்தான் கேட்கிறேன். வழக்கமாக நான் சொல்லச் சொல்ல உன் தங்கச்சிதான் எழுதுவாள். இதை நானே எழுதுகிறேன். எட்டாம் வகுப்போடு நின்றவளின் எழுத்து, கோணல்மாணலாகத்தான் இருக்கும். நீ கிளப்பியிருக்கும் விஷயத்தைக் கல்யாணமாகாத பிள்ளையைக் கொண்டு எழுதுவிக்க முடியாது. உன் கடிதம் வந்து ஒரு மாதத்துக்கு மேலாகிவிட்டது. பதில் தாமதித்தது கோபத்தினால் என்று நினைக்காதே. கோபம் நிறையவே இருக்கிறது, அதைப் பின்னால் வாசிப்பாய். விசாரிக்க வேண்டியதை விசாரித்து முடிக்காமல் எழுதக்கூடாது என்றுதான் இருந்தேன்.

நீ எழுதியிருந்ததை உனக்கே ஒருமுறை திருப்பிச் சொல்கிறேன். ஹபீபாவுக்கு மாதவிடாய் ஒழுங்காக வருவதில்லையாம். கல்யாணம் முடிந்து மூன்றாவது வருஷம் நடக்கிறது, பிள்ளையில்லை. பாலமுனை வீட்டார் குறையை மறைத்துப் பெண்ணை உன் தலையில் கட்டிவிட்டார்களாம். ஆகவே உம்மா, மாமாவைக் காதியாரிடம் அனுப்பித் தலாக்குக்கு வேண்டிய அலுவலைப் பாருங்கள். இதுதானே எழுதியிருந்தாய்? என் பதில்: மாட்டேன். மாமாவிடம் நான் இதை மூச்சுவிடவில்லை, விடவும் மாட்டேன். ஏன் என்பதைச் சொல்லத்தான் மீதிக் கடிதம். வெள்ளிக்கிழமை லீவு நாளில், அறையிலுள்ள கூட்டாளிமார் வெளியே போன பிறகு, தனியாக இருந்து வாசி. வாப்பா உயிரோடு இருந்திருந்தால் இதையெல்லாம் அவர் உனக்குச் சொல்லியிருப்பார் என்று நினைக்காதே. நம்முடைய ஆண்கள் இதைப் பற்றி ஒருவருக்கொருவர் ஒன்றும் சொல்லிக்கொடுப்பதில்லை. நாங்களும் 'தொழுகையில்லாத நாள்' என்று ஜாடையாகச் சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய்விடுகிறோம். அந்த வெட்கத்தை இன்றைக்கு ஒதுக்கி வைத்துவிட்டேன்.

முதலில் ஒன்று கேட்கிறேன். அவளுக்கு மாதம் தள்ளிப்போகிறது என்று உனக்கு யார் சொன்னது? அவளேதான் எழுதினாள். தன் உம்மாவிடம்கூடச் சொல்லக் கூச்சப்பட்டு, புருஷன்தானே என்று நம்பி உனக்கு எழுதினாள். நீ அதை எடுத்துக்கொண்டு அவளை விட்டுவிடுவதற்குக் காரணமாக்கியிருக்கிறாய். இந்த ஒரு விஷயத்துக்காகவே உன் காதைப் பிடித்துத் திருக வேண்டும். சவூதி தூரமாகப் போய்விட்டது.

உன் கடிதத்தை வாசித்ததும் எனக்கும் கோபம் முதலில் பாலமுனையார் மேல்தான் வந்தது. பெற்றவள்தானே. நாக்கைத் தீட்டிக்கொண்டு மறுநாளே பஸ் ஏறினேன். நான் வாசல் படலையைத் திறக்கும்போது ஹபீபா உள்ளே பன்பாய் இழைத்துக்கொண்டிருந்தாள். என்னைக் கண்டதும் எழும்பி ஓடிவந்து முக்காட்டைச் சரிசெய்தாள். கையைத் தூக்கியபோது வளையல் முழங்கை வரைக்கும் வழுக்கிப் போனது. கல்யாணத்தன்று சவர்க்காரம் போட்டு அமத்தித்தான் அந்த வளையலை ஏற்றினோம், உனக்கு நினைவிருக்காது, எனக்கு நினைவிருக்கிறது. தீட்டிக்கொண்டு போன நாக்கு அப்போதே மழுங்கிவிட்டது. அவள் உம்மா தேத்தண்ணி ஊற்றப் போன நேரம் பார்த்து, வளைத்துக் கதைக்காமல் கேட்டேன்.

"புள்ள, உனக்கு மாதம் ஒழுங்கா வாறல்லயாமே. எப்பருந்து?"

அவள் முகம் செத்துப்போனது. "மாமி, கலியாணத்துக்கு முந்தி எனக்கு மாசாமாசம் ஒழுங்காத்தான் வரும். உம்மாக்கிட்டக் கேட்டுப் பாருங்க. நாங்க ஒண்டையும் மறைக்கல்ல. அவர் லீவுல வந்திட்டுப் போனதுக்குப் பொறகுதான் இப்பிடி. மூணு மாசம் வராது, பொறகு கொஞ்சமா வரும், திரும்ப நிண்டிரும்."

"டொக்டரிட்டப் போனயா?"

"ஆரோட மாமி போற? என்னெண்டு சொல்லிப் போற?"

அது நியாயமான கேள்விதான். காய்ச்சல், கைகால் முறிவு என்றால் ஊரே கூடி வண்டி பிடிக்கும். இதற்கு யாரும் வண்டி பிடிப்பதில்லை. அடுத்த கிழமையே, பல்வலி என்று வீட்டில் சொல்லிவிட்டு, நான் அவளைக் கல்முனைக்குக் கூட்டிக்கொண்டு போனேன். ஒரு லேடி டொக்டர், மட்டக்களப்புப் பக்கத்தவர், நிதானமாகக் கதைப்பவர். என்னை வெளியே இருக்கச் சொன்னார். ஹபீபா என் முந்தானையைப் பிடித்துக்கொண்டு, "மாமி இரிக்கட்டும்" என்றாள். நானும் உட்கார்ந்துவிட்டேன்.

எடுத்த எடுப்பிலேயே டொக்டர், "பிள்ளை தரிச்சிருக்குமோ?" என்று கேட்டார். எனக்கு ரத்தம் தலைக்கு ஏறிவிட்டது. "என்ட மகன் போய் ஒரு வருசத்துக்கு மேல. என்ன கேள்வி இது?" என்றேன். ஹபீபா அழத் தொடங்கிவிட்டாள். டொக்டர் கொஞ்சமும் அசையவில்லை. "கோவிக்காதீங்க அம்மா. கலியாணம் முடிச்ச ஆர் வந்தாலும் முதல் கேக்கிறது இதுதான். மாதம் தவறுறதுக்கு ஆகப் பொதுவான காரணம் பிள்ளைதானே. அது இல்லையெண்டால்தான் மற்றதுகளைத் தேடலாம்" என்றார். பிறகு ஒவ்வொன்றாகத் தேடத் தொடங்கினார். அவர் கேட்கக் கேட்க, ஹபீபாவைப் பற்றிக் கேட்கிறாரா, என் வீட்டுப் பெண்களைப் பற்றிக் கேட்கிறாரா என்று எனக்கே சந்தேகமாகிவிட்டது.

உனக்கும் சொல்கிறேன், கேள். உன் தங்கச்சி பெரியபிள்ளையான முதல் வருஷம் அவளுக்கு ஒரு மாதம் வரும், இரண்டு மாதம் வராது. சில பிள்ளைகளுக்கு உடம்பு ஒரு ஒழுங்குக்கு வர ஓரிரு வருஷம் பிடிக்குமாம். இப்போது அவளுக்கு ஒரு குழப்பமும் இல்லை. உன் ராத்தா மூத்தவனுக்குப் பால் கொடுத்த காலம் முழுக்க மாதவிடாயைக் காணவில்லை. பால் கொடுக்கும்போது அப்படி நிற்பது வழக்கம். அதை நம்பி இருந்தவளுக்கு, மாதவிடாயைக் காணாமலே இரண்டாவதும் தரித்து வயிறு தள்ளிய பிறகுதான் தெரிந்தது. நீயே கேலி செய்தாய். எனக்கு இப்போது வயசு போகிறது. இரண்டு மாதம் வராது, வந்தால் வெள்ளம்போல வரும், உடம்பெல்லாம் கொதிக்கும், காரணமில்லாமல் உன் தங்கச்சி மேல் எரிந்து விழுவேன். இது அடங்கி ஓய்கிற காலம், இதுவும் இப்படித்தான் இருக்குமாம். ஆனாலும் அளவுக்கு மீறிப் போனால் காட்ட வேண்டும் என்று டொக்டர் என்னையும் ஒரு பிடி பிடித்தார்.

சூறாவளி அடித்த வருஷத்தை நீ மறந்திருக்கமாட்டாய். கூரை போய், தென்னை எல்லாம் சரிந்து, பள்ளிக்கூடத்தில் படுத்துக் கிடந்தோமே. நாவிதன்வெளியில் விதைத்திருந்த வயலும் தண்ணீரோடு போய்விட்டது. நிவாரண மாவைக் கரைத்து உங்களுக்குத் தந்துவிட்டு நானும் வாப்பாவும் வெறும் தேத்தண்ணியோடு படுத்த நாட்கள் உண்டு. அந்த அதிர்ச்சியிலும் பட்டினியிலும் எனக்கு மாதக்கணக்காக மாதவிடாய் நின்றுபோனது. வாப்பா அதைப் பிள்ளை என்று முடிவுகட்டி, இந்தக் கஷ்டத்திலும் அல்லாஹ் தருகிறானே என்று எங்கேயோ போய் மாங்காய் தேடிக்கொண்டு வந்தார். பிள்ளையுமில்லை, ஒன்றுமில்லை. அடுத்த போகம் வெட்டி, வயிறாரச் சோறு தின்று, மனசு ஆறிய பிறகு எல்லாம் தானாக வந்தது. வாப்பாவுக்குக் கொஞ்சம் ஏமாற்றம்தான். ஆனால் குறையுள்ளவள் என்று என்னை அவர் ஒரு வார்த்தை சொன்னதில்லை. நீ வளர்ந்த வீட்டில், உனக்குச் சோறாக்கிப் போட்ட மூன்று பெண்களுக்கும் ஏதோ ஒரு காலத்தில் மாதம் தவறியிருக்கிறது. யாரையும் யாரும் காதியாரிடம் கொண்டுபோகவில்லை.

டொக்டர் ஹபீபாவின் கழுத்தைத் தடவிப் பார்த்தார். கழலை இருந்தாலும், கழுத்துச் சுரப்பி கூடக் குறைய வேலை செய்தாலும் மாதம் குழம்புமாம். அதற்கு ரத்தம் எடுத்து அனுப்பினார். சில பெண்களுக்குச் சூலகத்தில் சின்னச் சின்ன நீர்க்கட்டிகள் இருக்கும், உடம்பு பெருக்கும், நாடியில் மயிர் அரும்பும், மாதம் தள்ளித் தள்ளிப் போகும் என்றார். இவளுக்கு அந்தக் குறிகள் ஒன்றுமில்லை. அதற்குப் பிறகுதான் அந்தக் கேள்வி வந்தது.

"குளிசை ஏதும் பாவிச்சனீங்களா?"

"இல்ல" என்றாள் ஹபீபா. கொஞ்சம் பொறுத்து, "நோன்புக் குளிசை மட்டும்தான்" என்றாள்.

"அதென்ன நோன்புக் குளிசை?"

இவ்வளவு படித்தவருக்கு இதுகூடத் தெரியவில்லையே என்று நான்தான் முந்திக்கொண்டு விளக்கினேன். நோன்பு மாதம் வந்தால் பார்மசியில் ஒரு அட்டை வாங்கிப் போட்டால் மாதவிடாய் வராது, முப்பது நோன்பையும் விடாமல் பிடிக்கலாம், விட்ட நோன்பைப் பிறகு தனியாக இருந்து களாப் பிடிக்கும் கரைச்சலில்லை. இப்போதைய இளம்பெண்கள் எல்லோரும் செய்வதுதான் என்றேன். டொக்டர் மேசை லாச்சியைத் திறந்து ஒரு அட்டையை எடுத்துக் காட்டினார். "இதுவா?" ஹபீபா பார்த்துவிட்டு "ஓம், இதுதான்" என்றாள். "இது குடும்பக் கட்டுப்பாட்டுக் குளிசை" என்றார் டொக்டர். மகனே, அரசாங்கத்து மருத்துவ மாது இதே அட்டையைக் கொண்டு வந்தால் ஹராம் என்று சொல்லிப் படலையோடு திருப்பி அனுப்புகிறவர்கள் நாங்கள். அதையே பார்மசியில் நோன்புப் பெயரைச் சொல்லி வாங்கி விழுங்கிக்கொண்டிருக்கிறோம். எங்களுக்கு யாரும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை.

நோன்பில் மட்டுமா போட்டாய் என்று டொக்டர் கேட்டதும் ஹபீபா என்னைப் பார்த்தாள். பிறகு நிலத்தைப் பார்த்தாள். "அவர் லீவுல வந்து நிண்ட ரெண்டு மாசமும் போட்டன்" என்றாள். ஏன் என்று கேட்டதற்குச் சொல்லமாட்டேன் என்று தலையை ஆட்டினாள். டொக்டர் வற்புறுத்தவில்லை. கடைசியில் அவளே சொன்னாள். "அவர் கசட்டுல கதைச்சி அனுப்பினவர். லீவு ரெண்டு மாசம்தான், அதுல ஒரு நாளும் வீணாகப்படாது, நோன்புக்குப் போடுற குளிசையப் போட்டுக்க எண்டு. நானும் ஒரு நாளும் விடாம, அட்டை முடிய முடிய அடுத்த அட்டையப் போட்டன்."

டொக்டர் பேனையை வைத்துவிட்டார். "பிள்ளை வேணுமெண்டு புருசனோட இருந்த ரெண்டு மாசமும் பிள்ளை வராமத் தடுக்கிற குளிசையை விழுங்கியிருக்கிறீங்க பிள்ளை. பிறகு எப்பிடிப் பிள்ளை தங்கும்?" என்றார். ஹபீபாவுக்கு விளங்க ஒரு நிமிஷம் எடுத்தது. அந்த ஒரு நிமிஷம் அவள் முகத்தைப் பார்த்தது நான்தான், நீ அல்ல. நான் பெற்ற பிள்ளையின் காரியத்தைக் கேட்டு அந்த நாற்காலியில் நான் கூசிக் குறுகி உட்கார்ந்திருந்தேன். இருவருக்கும் தெரியாமல் நடந்தது, அதற்கு உன்னைத் தூக்கில் போடச் சொல்லவில்லை. ஆனால் நீ சொன்னாய், அவள் செய்தாள். இப்போது பிள்ளையில்லை என்று நீயே அவளை விடப்பார்க்கிறாய். இது என்ன நியாயம் என்று நீயே சொல்லு.

இன்னும் முடியவில்லை. குளிசையை நிறுத்திய பிறகு அநேகமாக இரண்டு மூன்று மாதத்தில் எல்லாம் பழைய ஒழுங்குக்கு வந்துவிடுமாம். இவளுக்கு ஏன் வரவில்லை என்று பார்க்கத் தராசில் ஏற்றினார்கள். முள்ளைப் பார்த்த டொக்டர் இறக்கிவிட்டு மறுபடியும் ஏற்றச் சொன்னார். நீ போன நாளிலிருந்து, அல்லாஹ் ஒரு பிள்ளையைத் தரட்டும் என்று, திங்களும் வியாழனும் அவள் நோன்பு பிடிக்கிறாள். மற்ற நாளில் கவலையில் சோறு இறங்குவதில்லை. இவ்வளவு மெலிந்தால், இவ்வளவு யோசித்தால், உடம்பு தன்னைத் தாங்குவதற்கே காணாது, மாதவிடாயை நிறுத்திவிடும் என்றார் டொக்டர். பிள்ளைக்காகப் பிடித்த நோன்பே பிள்ளைக்குரிய ஒழுங்கைக் குழப்பிக்கொண்டிருந்திருக்கிறது. "நேர்ச்சை நோன்பு இப்ப வேணாம், சாப்பாடுதான் இப்ப மருந்து" என்றார். போன கிழமை ரத்தச் சோதனையும் வந்தது. கழுத்துச் சுரப்பியில் குறையில்லை, உடம்பில் ரத்தம்தான் குறைவு, அதற்கு இரும்புச் சத்துக் குளிசை தந்திருக்கிறார். இன்னும் மூன்று மாதத்தில் ஒழுங்குக்கு வராவிட்டால் மேற்கொண்டு பார்ப்போம் என்றிருக்கிறார். நான் கூட்டிக்கொண்டு போவேன். இனிப் பல்வலி என்று சொல்லிப் போகமாட்டேன்.

டொக்டர் இன்னொன்றும் சொன்னார். அடுத்த லீவில் நீயும் வரவேண்டுமாம். பிள்ளை இல்லையென்றால் ஆணையும் சோதிக்க வேண்டுமாம். அதில் மானம் போக ஒன்றுமில்லை, அவள் டொக்டரின் சோதனைக் கட்டிலில் ஏறிப் படுத்தாள்தானே.

பஸ் ஸ்டாண்டில் வைத்து நான் அவளிடம் உன் கடிதத்தைப் பற்றிச் சொல்லிவிட்டேன். சொல்லாமலிருக்கலாமா என்று யோசித்தேன். அவளுடைய வாழ்க்கையைப் பற்றி நீயும் நானும் மட்டும் கதைத்து வைத்திருப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. அவள் சத்தம் போட்டு அழவில்லை, உன்னைத் திட்டவுமில்லை. நிந்தவூர் தாண்டும் வரைக்கும் ஜன்னலுக்கு வெளியே வயலையே பார்த்துக்கொண்டு வந்தாள். பிறகு, "அவர் போடச் சொன்ன குளிசையத்தானே மாமி போட்டன்?" என்றாள். அதற்கு உன்னிடம் பதில் இருந்தால் எழுது, எனக்கல்ல, அவளுக்கு.

தலாக் என்று எழுத உனக்கு ஒரு நொடி போதும், அதற்குப் பின்னால் வருவதை யோசித்தாயா? நீ மறுநாளே இன்னொரு நிக்காஹ் செய்யலாம், உனக்குக் காத்திருப்பு ஒன்றும் கிடையாது. அவள் இத்தா இருக்க வேண்டும். உன் ராத்தா மாப்பிள்ளையைக் கொண்டு மௌலவியிடம் பெயர் சொல்லாமல் கேட்டேன். மாதவிடாய் வருகிற வயதுப் பெண்ணுக்கு மூன்று முறை வந்து சுத்தமாகிற கணக்கு. "வாறது பிந்தினா?" என்று கேட்டதற்கு, "வாற வரைக்கும் காத்திரிக்கத்தான் வேணும்" என்றாராம். விளங்குகிறதா? மற்றப் பெண்ணுக்கு இரண்டு மூன்று மாதத்தில் முடிகிற இத்தா, இவளுக்கு ஒரு வருஷமோ அதற்கு மேலோ போகும். எந்தக் காரணத்தைச் சொல்லி அவளை விடப்பார்க்கிறாயோ, அதே காரணம் அவளை வேறு வாழ்க்கைக்குப் போகவிடாமல் மறித்துவைக்கும். ஒவ்வொரு மாதமும் வந்துவிட்டதா, வந்துவிட்டதா என்று ஊர்ப்பெண்கள் வந்து விசாரிப்பார்கள். நீ அனுப்பிய கசட் இன்னும் அவள் அலுமாரியில் இருக்கிறது, அதை அவள் யாருக்கும் போட்டுக் காட்டமாட்டாள். அவள் அப்படிப்பட்டவள். நான் அப்படிப்பட்டவளல்ல. காதியாருக்கு முன்னால் விஷயம் போனால் நானும் போவேன், அவள் பக்கத்தில் இருப்பேன், கேட்டால் எல்லாவற்றையும் வாய்விட்டுச் சொல்வேன்.

உன் மேல் எனக்குப் பாசம் இல்லாமலா இவ்வளவும் எழுதுகிறேன்? நீ அந்த வெயிலில் கிடந்து படும் பாடு எனக்குத் தெரியும். தனிமையில் ஆளுக்கு ஆள் ஒன்று சொல்லும், அதைக் கேட்டு மனம் கெடும், அதுவும் தெரியும். அதனால்தான் இன்னும் 'மகனே' என்று எழுதுகிறேன். ஆனால் பாசத்துக்காக அநியாயத்துக்குத் துணை போகிற உம்மா உனக்கு வாய்க்கவில்லை.

நம்முடைய ஊரில் வீடு பெண்ணுடையது. தலாக் சொன்ன ஆம்பிளை பெட்டியைத் தூக்கிக்கொண்டு நேரே உம்மா வீட்டுக்குத்தான் வருவான். உம்மாமாரும் "என்ட புள்ள என்ன செய்யும்" என்று சொல்லிச் சோறு போட்டு, பாய் விரித்து, அடுத்த பெண்ணைத் தேடக் கிளம்பிவிடுவார்கள். இப்படி ஒரு இடம் இருக்கிற தைரியத்தில்தான் நீங்கள் எல்லோரும் தலாக்கை இவ்வளவு லேசாக எழுதுகிறீர்கள். என் வீட்டில் அந்த இடம் இல்லை. லீவில் வரும்போது பெட்டியோடு நேரே பாலமுனைக்குப் போ. படலையில் நின்று ஸலாம் சொல்லிக் கேள். உன்னை உள்ளே எடுப்பதா இல்லையா என்று அவள் முடிவு செய்வாள். எடுத்தால் மறுநாள் விடிய நான் வந்து உன்னைக் கட்டிப்பிடிப்பேன். எடுக்காவிட்டால் அங்கேயே நின்று மறுபடியும் கேள். இங்கே வராதே.

உன் உம்மா